அப்டேட்: கார் சார்ஜிங்குக்கு சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?

சேலம் அஸ்தம்பட்டி வீட்டுல எலக்ட்ரிக் கார் சார்ஜ் பண்ண சிங்கிள் ஃபேஸ் (ஒரே லைன்ல வர்ற கரண்ட்) போதுமா, த்ரீ ஃபேஸ் (மூணு லைன்ல வர்றது) மாத்தணுமான்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. த்ரீ ஃபேஸே வாங்கியாச்சு. 7.2 கிலோவாட் சார்ஜர் ஒண்ணே 32 ஆம்ப் கிட்ட இழுக்கும், அதோட ஏசியும் போர் மோட்டாரும் ஓடுனா சிங்கிள் ஃபேஸ் தாங்காது, இப்ப சார்ஜருக்கு ஒரு ஃபேஸ தனியா விட்டுட்டு மத்ததெல்லாம் மீதி ரெண்டுல. 11 கிலோவாட் சார்ஜர் வேண்டாம்னுட்டேன், நம்ம காரு 7.2-க்கு மேல எடுக்காது, காசு தான் வீண். எலக்ட்ரீஷியன் அண்ணன் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், 40 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினா தானா கட் ஆகுற சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா கட் பண்ற சுவிட்ச்) போட்டு, எர்த்த மீட்டர் வெச்சு அளந்து பாத்துட்டு தான் லைனே குடுத்தாரு, தயவுசெஞ்சு இத யாரும் விட்றாதீங்க. தினம் 40 கிலோமீட்டர் தான் ஓட்டுறீங்கன்னா நல்ல 16 ஆம்ப் சாக்கெட்டே தாராளம், ராத்திரி போட்டா காலைல ரெடி.