ஏற்காட்டில் ஈ ஆய்வுக்கு ஒரு மூலை இடம் வேண்டும்

வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். பிணத்தில் முதலில் முட்டையிடுவது பெரும்பாலும் அந்தப் பளபளக்கும் பச்சை, நீல ஈக்கள்தான். புழுவின் பருவத்தை வைத்து, இறந்து குறைந்தது எத்தனை நாள் என்று கணக்கிடலாம். ஆனால் புழு வளரும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. சேலத்து வெயிலில் போட்ட கணக்கை, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக் குளிரில் அப்படியே வைத்தால் இறந்த நாளே மாறிப்போகும். ஒரு வழக்கில் அது சின்ன விஷயமே இல்லை.

இரண்டு இடத்திலும் ஆட்டு ஈரல் வைத்து ஒப்பிடப் போகிறேன். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள், வீடுகளுக்குத் தள்ளி ஒரு மூலை தர முடியுமா? கம்பிக்கூண்டு நானே கொண்டுவருவேன். நாற்றம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். அப்புறம், புழுவின் பின்பக்க மூச்சுத்துளைகளைப் பார்த்து இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வாருங்கள்.