ரெம்பிராண்டின் டயானா: அந்த அம்பறாத்தூணி ஒப்புக்கா?

கோடுகிழிப்பான்: டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் செப்புத் தகட்டில் கீறி எடுத்த ‘குளிக்கும் டயானா’ அச்சில் (சுமார் 1631) புராணமே கிடையாதாம். ஒரு சலவைக்காரியை உட்கார வைத்து வரைந்துவிட்டு, ஒப்புக்கு ஓர் அம்பறாத்தூணியைப் பக்கத்தில் போட்டாராம். நேற்று ஒரு மேதை எழுதியிருக்கிறார். தூணி ஒப்புக்கு இல்லை ஐயா! டயானா ரோமானியரின் வேட்டைத் தெய்வம், அவளுக்கு அதுதான் அடையாளம்.

தெற்குவாசல்: அந்த மேதை நான்தான். தூணியை விரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது வயிறு சரிந்த ஒரு சாதாரணப் பெண். தெய்வம் எங்கே?

கோடுகிழிப்பான்: மறைத்துவிட்டுப் பார்த்தால் எதுதான் தெரியும்? அவள் முகத்தைப் பாருங்கள், நம் பக்கம் திரும்பியிருக்கிறது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில், குளிக்கும்போது பார்த்துவிட்ட ஆக்டியன் என்ற வேட்டைக்காரனை அவள் மானாக்குகிறாள். அவன் வளர்த்த நாய்களே அவனைக் கிழிக்கின்றன. இந்த அச்சில் ஆக்டியன் இல்லை. அவன் நின்ற இடத்தில் நாம் நிற்கிறோம். தூணி கிடப்பதால்தான் அந்தப் பார்வை வயிற்றைக் கலக்குகிறது. சுமார் 18 சென்டிமீட்டர் உயரத் தகட்டில் எதையும் ஒப்புக்குக் கீற மாட்டார்கள்.

சும்மாவந்தவன்: அச்சில் இருப்பது ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியாதானே?

கோடுகிழிப்பான்: சாஸ்கியாவை மணந்தது 1634இல். சும்மா வந்தால் சும்மா இருங்கள்.

நூலகப்பூனை: இந்தத் திட்டு பழையது. ரெம்பிராண்ட் நிர்வாணப் பெண்ணை வரைந்தால் கிரேக்க வீனஸை விட்டுவிட்டுச் சலவைக்காரியைத் தேடுவார், காலில் காலுறைப் பட்டியின் தடத்தைக்கூட விடமாட்டார் என்று 1681இல் ஆண்ட்ரீஸ் பெல்ஸ் என்ற டச்சுக் கவிஞர் எழுதினார்.

தெற்குவாசல்: ஆகா! அப்போதே என் கட்சிக்கு ஆள் இருந்திருக்கிறது.

கோடுகிழிப்பான்: ரெம்பிராண்ட் செத்து 12 வருடம் கழித்துத் திட்டியவர் சாட்சியா? அவர் பொதுவாகச் சொன்னார். தூணியைப் பற்றி மூச்சு விட்டாரா?

நூலகப்பூனை: பட்டித் தடம் என்றாலே ரெம்பிராண்டின் ‘மேட்டில் அமர்ந்த பெண்’ அச்சைத்தான் காட்டுவார்கள். ஹோலர் என்ற அச்சுக் கலைஞர் 1635இல் நகலெடுத்தாரே, அது. அதில் தூணி கிடையாது.

தெற்குவாசல்: தூணி இல்லாவிட்டால் பெண், இருந்தால் தெய்வம். நான் சொன்னதும் அதைத்தானே?

கோடுகிழிப்பான்: நீங்கள் சொன்னது ‘ஒப்புக்கு’. போன வருடம் இத்தாலிய ஓவியர் காரவாஜியோவைப் பற்றி நாம் போட்ட சண்டையிலும் இப்படித்தான் பாதியில் கட்சி மாறினீர்கள்.

தெற்குவாசல்: அதில் தோற்றது இன்னும் ஆறவில்லை போல.

கோடுகிழிப்பான்: தோற்றேனா? பழைய பதிவைத் தோண்டி எடுக்கிறேன், இருங்கள். அதுவரை தூணி மேலிருந்து விரலை எடுங்கள்.