நாள் முழுக்க நிற்கிறேன், இதற்கு மேல் வாக்கிங் வேறு போக வேண்டுமா?

சேலைப்பிரிவு:
வயது 43. ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது ஆகிவிடும், சேலையைப் பிரித்துக் காட்டி, மடித்து, மறுபடி அடுக்கி, வீட்டுக்கு வந்தால் அங்கே பாத்திரம் காத்திருக்கும். போன வாரம் பிரஷர் 146/92. டாக்டர் இப்போதைக்கு மாத்திரை எழுதவில்லை, உப்பைக் குறைத்து தினமும் நடக்கச் சொல்கிறார். உட்காரவே நேரமில்லை, இன்னும் என்னத்தை நடப்பது?

பிசியோ_மதுரை:
அக்கா, அலுப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. நின்றுகொண்டே இருந்தால் காலில் ரத்தம் தேங்கி நரம்பு சுருட்டிக்கொள்ளும், இதயத் துடிப்பு மட்டும் பெரிதாக ஏறாது. துடிப்பு ஏறி ரத்தம் வேகமாக ஓடும்போதுதான் ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரக்கும், குழாய் தளரும், நாளடைவில் பிரஷர் இறங்கும். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது செய்யணும் என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள், அதனால் பஸ் ஸ்டாப் வரை வேகமாக நடப்பதும் கணக்கில் சேரும்.

தேவி_கோவை:
இதில் நமக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் வந்தது. ஆண்கள் வாரம் 300 நிமிடம் செய்து பெற்ற ஆயுள் பலனைப் பெண்கள் 140 நிமிடத்திலேயே எட்டியிருந்தார்கள். அப்புறம், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாச்சு. கூட்டம் இல்லாத நேரத்தில் தைரியமாக உட்காருங்கள். மேனேஜர் முறைத்தால் முறைக்கட்டும்.

நர்ஸம்மா:
கர்ப்பத்தின்போது பிரஷரோ சுகரோ இருந்ததா? இருந்தால் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல், டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கப்போகிற வயது வேறு. நடக்கும்போது தாடையிலோ முதுகிலோ வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, குமட்டல் வந்தால் வாயு என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

சேலைப்பிரிவு:
ரெண்டாவது பிரசவத்தில் பிரஷர் இருந்தது, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த தடவை சொல்கிறேன். எங்கள் கடையில் லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்தான், என் பிரிவு நாலாவது மாடி. சரி, ஜிம் அங்கேயே இருக்கு.