பொகவந்தலாவைப் பக்கம் வந்து ஊரோடு சேர்ந்த அனுபவம்

என் கணவருக்கு இலங்கை மலையகத்தில் இருக்கிற பொகவந்தலாவைக்கு இடமாற்றம் கிடைத்துத்தான் வவுனியாவில் இருந்து இங்கே வந்தோம். டவுனில் வீடு தேடினோம். அமைந்தது டவுனைத் தாண்டி ஒரு தோட்டத்தின் எல்லையில். வாசலுக்குக் கீழே தேயிலை, மேலே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். ஜூன் மாதத்து மழையும் மூடுபனியும் எனக்குப் புதிது, மலையக மக்கள் புதிதில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் நிறைய. என்னோடு படித்த பிள்ளைகள் பலர் அந்த வீடுகளில் இருந்து வந்தவர்கள்தான்.

ஆனாலும் வந்த புதிதில் தெருவில் கண்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, போகிற பெண்கள் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். அதற்குப் பிறகு தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகள். நின்று கதைக்க யாருக்கு நேரம்?

அந்த நிலைமை மாறியது ஒரு சாவு வீட்டில். மேல் லயத்துப் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். விடியும் முன்பே தப்பு மேளச் சத்தம் கேட்டது. அன்றைக்கு யாரும் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. நானும் போனேன். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். 10க்கு 12 அடி அறையில் (காம்பரா) அவரைக் கிடத்தியிருந்தது. பின்பக்கம் அடுப்படியில் ஒரு பிள்ளை தனியாக நின்று பெரிய சட்டியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே போய் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். குழி வெட்டப் போன ஆண்கள் முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்ததும் அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தது நாங்கள் இரண்டு பேரும்தான். வெளியே தறப்பாளுக்குக் கீழே மரண உதவிச் சங்கத்துப் பொருளாளர் சீஆர் கொப்பியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பெட்டிச் செலவு, கதிரை, சாப்பாடு எல்லாம் அந்தச் சங்கத்துப் பொறுப்பு. மாதம் மாதம் ஒவ்வொரு வீடும் போடுகிற பணத்தில்தான் இது ஓடுகிறது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு அந்தப் பொருளாளரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "அக்கா, நீங்களும் சங்கத்துல சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்டார். சேர்ந்தோம். கொப்பியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பக்கம் போட்டார். என்னைக் கேட்டால், நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்தது அன்றைக்குத்தான் என்று சொல்வேன்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மழைக்குப் பிறகு காட்டுக்குள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் சருகு அடைத்து பீலியில் தண்ணீர் நின்றுவிடும். அதைத் துப்புரவாக்கப் போகிற சிரமதானத்துக்கு இவரும் காலில் சவுக்காரத்தைப் பூசிக்கொண்டு கிளம்புவார், அட்டைக்கு அதுதான் மருந்து. திரும்பி வந்தால் யார் வீட்டிலாவது ரொட்டியும் சம்பலும் இருக்கும். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு அரிசி இடிக்கவும் போனேன். லீக்ஸ் நாற்று, கோவா நாற்று எல்லாம் வேலிக்கு மேலால் வரும்; எங்கள் வீட்டில் இருந்து பனங்கட்டியும் ஒடியலும் போகும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நான் வவுனியாவில் எழுதுவினைஞராக இருந்தவள், சிங்களம் எழுத வாசிக்கத் தெரியும். இது எப்படியோ பரவிவிட்டது. ஒரு பாட்டி ஒரு கடிதத்தோடு வந்தார். "அம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். சேமலாப நிதிப் பணம், அதாவது வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணம் சம்பந்தமான கடிதம். வேறு என்ன கடதாசி இருக்கிறது என்று கேட்டேன். அடுத்த நாள் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே ஷொப்பிங் பை, அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்த பத்திரங்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் சல்லோடேப். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம், கோத்தகிரியில் இருந்து அவருடைய அக்கா எழுதிய கடிதம் ஒன்று.

அந்த அக்கா போனது 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி. தோட்டத்து இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை என்று பிரித்த ஒப்பந்தம் அது. அக்கா அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம். 1948இல் இவர்களிடம் பறித்த குடியுரிமைக்கு, மிச்சம் இருந்தவர்களுக்கும் சேர்த்து வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் எத்தனை வருடம் அலைந்தவர்கள்! அந்த டின்னை அவர்கள் யாரிடமும் இலேசில் திறந்து காட்ட மாட்டார்கள்.

பாட்டிக்கு வந்த சிக்கல் இங்கே பலருக்கும் இருப்பதுதான். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் இன்னொரு மாதிரி. காதில் விழுந்தபடி யாரோ எழுதி வைத்தது. சம்பளத்தில் தொழிலாளியிடம் 8 வீதமும் நிர்வாகத்திடம் 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போகிறது. ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு நிர்வாகம் இன்னும் 3 வீதம் போடுகிறது. பெண்கள் 50 வயதில் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கலாம். வாழ்நாள் முழுக்கக் கூடையைச் சுமந்து சேர்த்த பணம், பெயரில் ஒரு எழுத்து மாறியதால் நின்றுபோகிறது. எனக்கு இதில் இன்றைக்கும் ஆத்திரம்தான்.

இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் எடுத்து, சேமலாப நிதியைக் கேட்கிற கே படிவத்தோடு அனுப்பினோம். இழுத்தடித்துத்தான் வந்தது, ஆனால் வந்தது. பாட்டி முதலில் செய்தது பேத்திக்குக் காதில் தோடு வாங்கியது.

அதற்குப் பிறகு ஞாயிறு பின்னேரங்களில் கோவில் மண்டபத்தில் உட்காருகிறோம். பெரியவர்கள் கடதாசி கொண்டு வருவார்கள், கூட வருகிற பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிப்பார்கள். சாதாரண தரம் முடித்த இரண்டு பிள்ளைகள் சிங்களப் படிவம் நிரப்பப் பழகிவிட்டார்கள். பாட்டிமார் இப்போது அவர்களைத்தான் தேடுகிறார்கள்.

புதிதாக மலையகத்துக்கு வருகிறவர்களுக்கு என் கருத்து: வந்த வாரமே டியூஷன் வைக்கிறேன், உதவி செய்கிறேன் என்று போய் நிற்க வேண்டாம். ஒரு நாள் பட்டறை நடத்தி, படம் எடுத்துக்கொண்டு போனவர்களை இவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். முதலில் மரண உதவிச் சங்கத்தில் சேருங்கள். சிரமதானத்துக்குக் கூப்பிடாவிட்டாலும் போங்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்பதை அவர்களே கண்டுபிடித்துக் கேட்பார்கள்.

நோர்வூட், ஹட்டன் பக்கம் சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டப் பிரிவிலும் இப்படி ஒரு ஞாயிறு இருக்கை வேண்டும் என்று கேட்கிறார்கள், எங்களால் இரண்டு இடத்துக்கும் ஓட முடியவில்லை.