சுவர் டைல்ஸை உடையாமல் கழற்ற வழி இருக்கிறதா?

கேள்வி:
குளியலறைச் சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. அதைச் சரிசெய்ய நான்கு டைல்ஸை எடுத்தாக வேண்டும். ஓரத்தில் நீலக் கொடி ஓடும் பழைய டிசைன், இப்போது எங்கு தேடினாலும் இல்லை. மிச்சமாக ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. நேற்று ஒரு டைலின் மூலையில் உளியை வைத்து மெதுவாகத்தான் தட்டினேன், மூலை சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிட்டது. மற்ற மூன்றையாவது முழுசாக எடுக்க வேண்டும், உதவுங்கள்.

பதில்:
சார், முதலில் விரல் முட்டியால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கு என்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் கேட்டால் பிடிப்பு விட்டிருக்கிறது, முழுசாக வர வாய்ப்பு அதிகம். கல்லைத் தட்டியதுபோல் கேட்டால் நிறையப் பொறுமை வேண்டும்.

அடுத்து கிரவுட், அதாவது டைல்ஸுக்கு இடையிலுள்ள இடுக்கை அடைத்திருக்கும் சாந்து. நான்கு பக்கமும் அடிவரை சுரண்டுங்கள். பாதி ஆழத்தில் விட்டுவிட்டு நெம்பினால் பக்கத்து டைலின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு வரும். இடைவெளி 2 மி.மீ. தான் என்றால் கிரைண்டரை உள்ளே விடாதீர்கள், கை கொஞ்சம் ஆடினாலும் டைலின் பளபளப்பான மேல்பூச்சில் (கிளேஸ்) கீறல் விழும். கையால் இழுக்கும் கிரவுட் ரம்பமே போதும்.

மூலை போன அந்த டைலைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அதை நடுவில் உடைத்துத் துண்டு துண்டாக எடுங்கள். அந்தக் குழி வழியாகப் பக்கத்து டைலின் பின்பக்கம் உளிக்கு எட்டும். உளியைச் சுவரோடு சுவராகப் படுக்க வைத்து, டைலைத் தொடாமல் பின்னாலிருக்கும் கலவையைக் கொத்துங்கள். விளிம்பின் நடுப்பகுதியில் தொடங்கி உள்ளே போங்கள், மூலைக்குக் கடைசியில் வாருங்கள். பூச்சும் சேர்ந்து பெயர்ந்தால் பரவாயில்லை, அதைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

கேட்டவர்:
ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி) பிடித்தால் பிடிப்பு இளகும் என்கிறார்களே?

பதில்:
பசை வகையில் ஒட்டியிருந்தால் இளகும். சிமென்ட் கலவை இளகாது; ஒரே இடத்தில் சூடு ஏறினால் டைல்தான் வெடிக்கும். உங்களுடையது கலவை என்றால் வேண்டாம்.

இன்னொரு பதில்:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். எடுக்கப்போகும் டைலின் முகத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள், விரிசல் விட்டாலும் துண்டுகள் சிதறாது. அப்புறம், வாஷ்பேசினுக்கு அடியிலோ கண்ணாடிக்குப் பின்னாலோ அதே டைல் இருக்கிறதா பாருங்கள். உடைந்ததற்கு ஈடாக அங்கிருந்து ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வேறு டைல் ஒட்டினால் கண்ணில் படாது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி கட்டாயம். மெயின் வால்வை மூடிவிட்டுத் தொடங்குங்கள், குழாய் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

கேட்டவர்:
மூன்றில் இரண்டு முழுசாக வந்துவிட்டன! மூன்றாவது குறுக்கே விரிந்தது, டேப் இருந்ததால் இரண்டு துண்டும் கையிலேயே நின்றன. ரொம்ப நன்றி. டைல்ஸின் முதுகில் விரல் தடிமனுக்குக் கலவை ஒட்டியிருக்கிறது, தட்டி எடுக்கலாமா?

பதில்:
தட்டாதீர்கள், இவ்வளவு பாடுபட்டு எடுத்தது உடைந்துவிடும். மடித்த சாக்கின் மேல் முகம் கீழே இருக்கும்படி வைத்து, கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் (கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். டைலின் உடம்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கலவை மிச்சம் இருந்தால் ஒட்டும்போது மற்ற டைல்ஸைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். விரிந்ததை எபாக்சிப் பசையால் ஒட்டி, நன்றாக இறுகிய பிறகு தேயுங்கள். குழாயில் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் விட்டு, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுப் பூச்சு வேலைக்குப் போங்கள்.