ரெட்டிகிளுக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்குள் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து (மலேசியா), திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளி மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அமெரிக்காவில் நடக்கும் மல்டிகன் போட்டி பற்றிய பகுதி. ரைஃபிள், கைத்துப்பாக்கி, ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றி எடுத்து, ஓடிக்கொண்டே சுடுகிறார்கள். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. இந்த அரை மணி நேரமும் ஒரே பேச்சு: ரைஃபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கியில் எந்த ரெட்டிகிள் நல்லது. அந்தச் சொல் 43 இடத்தில் வருகிறது, எண்ணிவிட்டேன்.

ஒரு வரிக்கு 35 எழுத்து, திரையில் இருப்பது இரண்டு மூன்று நொடி. நான் முதலில் எழுதிப் பார்த்தது "இலக்குக் காட்டும் குறுக்குக்கோட்டு அமைப்பு". அதிலேயே வரியில் பெரும்பகுதி போய்விடுகிறது. தொலைநோக்கிக்குள் பார்த்தால் தெரியும் அந்தக் கோடு, புள்ளி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல், சின்னதாக வேண்டும். "குறி" என்று மட்டும் போட முடியாது, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி.

தெலுக் இந்தானிலிருந்து

அம்மா, வணக்கம். சொல்லின் வேரைப் பாருங்கள், விடை தானாக வரும். இலத்தீனில் ரேட்டே என்றால் வலை, ரெட்டிகுலம் என்றால் சின்ன வலை. நம்மிடம் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: கண்ணி. மீன்வலையில் உள்ள ஒவ்வோர் ஓட்டையையும் கண் என்றுதான் மீனவர் சொல்வார்கள். அந்தக் கண்ணிலிருந்து வந்தது கண்ணி. பறவைக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி, தலையில் சூடும் மாலையும் கண்ணி, பாட்டில் இரண்டிரண்டு அடியாக வருவதும் கண்ணி. கண்ணை வைத்துப் பார்க்கிற பொருள், வலை என்ற பொருள், இலக்கைச் சிக்கவைப்பது, மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. நாற்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எய்தல் தொழிலால் எயினர் என்று பெயர் வந்தது. பாலை நிலத்து வேட்டுவர் அவர்கள். வில்லில் அம்பு வைத்துக் குறி பார்த்த இனத்துக்கு இந்தச் சொல் புதிதில்லை.

கிள்ளானிலிருந்து

ஐயா, மன்னிக்கவும், இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிது? தமிழ்நாட்டு இயற்பியல் செய்முறைப் புத்தகங்களில் நிறமாலைமானியின் தொலைநோக்கிக்குள் இருப்பதைக் குறுக்குக் கம்பி என்றுதான் எழுதுகிறார்கள். நான் நிலஅளவை வேலையில் 30 வருடம் இருந்தவன். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டம் தோட்டமாக லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். உள்ளே ஒரு குறுக்குக் கம்பி, அதற்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு குட்டைக் கோடு. அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில், எதிரே நிறுத்திய அளவுகோல் எவ்வளவு தெரிகிறதோ அதை நூறால் பெருக்கினால் தூரம். 40 சென்டிமீட்டர் தெரிந்தால் 40 மீட்டர்.

என்னோடு வந்த லயத்துப் பெரியவர் ஒருவர் அதை மயிரிழை என்பார். "மயிரிழைக்கு நேரா வந்திருச்சு சார்" என்று கத்துவார். மயிரிழையில் உயிர் தப்பினார் என்று பத்திரிகையில் எழுதுகிறோமே, அதே சொல். 1640 வாக்கில் கேஸ்காயின் என்ற ஆங்கிலேயர் தன் தொலைநோக்கிக்குள் சிலந்தி இழை ஒன்று விழுந்திருந்ததைப் பார்த்துத்தான் இந்த வழியையே கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். ரொம்ப காலம் கருவிகளில் உண்மையான சிலந்தி இழையைத்தான் கட்டினார்கள்.

தைப்பிங்கிலிருந்து

ஐயா சொல்லும் கண்ணியில் ஒரு சிக்கல். இங்கே தோட்டத்தில் கண்ணி என்றால் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு. "துப்பாக்கியில் கண்ணி" என்று படித்தால் எங்கள் அப்பா பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். செய்தியிலோ கண்ணி என்றால் கண்ணிவெடி.

என் யோசனை "குறிகோடு". நடுவில் க் வரக்கூடாது. குறிக்கிற கோடு, குறித்த கோடு, குறிக்கும் கோடு என்று முக்காலத்துக்கும் பொருந்துகிற வினைத்தொகை, சுடுகாடு, ஊறுகாய் மாதிரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. க் போட்டுக் குறிக்கோடு என்று எழுதினால் குறிக்கோளைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று படிப்பவர் நினைப்பார்.

டெக்ஸாஸிலிருந்து

அக்கா, நானும் சுங்கை சிப்புட் பையன்தான், இப்போது இங்கே வேலை. இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை இந்தப் போட்டிக்குப் போகிறேன். குறுக்குக் கம்பி வேண்டவே வேண்டாம். பாதி ரெட்டிகிளில் குறுக்கே எதுவும் கிடையாது, கம்பியும் கிடையாது. சிலதில் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம். சிலதில் ஓலைக்கூரை முகடு மாதிரி ஒரு முனை மட்டும். எல்லாம் கண்ணாடியில் செதுக்கியது. குறிகோடு என்றாலும் புள்ளி வெளியே நின்றுவிடுகிறது.

என்ன செய்கிறது என்று சொல்கிறேன், அப்புறம் பெயர் வையுங்கள். ஒரே சுற்றில் ஐந்து மீட்டரில் ஓர் அட்டை இருக்கும், அடுத்து 300 மீட்டரில் இரும்புத் தகடு இருக்கும். அதனால்தான் 1 மடங்கிலிருந்து 6, 8 மடங்கு வரை மாற்றக்கூடிய தொலைநோக்கி. ஒரு மடங்கில், இரண்டு கண்ணும் திறந்தபடி ஓடிவந்து நிற்கும்போது மெல்லிய கோடு எதுவும் கண்ணில் படாது. வெயிலிலும் எரிகிற சிவப்புப் புள்ளி, இல்லையென்றால் அந்த லாடம், இது மட்டும்தான் படும். அதே புள்ளி தூரத்தில் தடிப்பாக இருந்தாலும் ஆபத்து. ஒரு எம்.ஓ.ஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம், 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். 2 எம்.ஓ.ஏ புள்ளி 300 மீட்டரில் 17 சென்டிமீட்டருக்கு மேல் மறைத்துவிடும். தகடே 20 சென்டிமீட்டர் என்றால் எதைப் பார்த்துச் சுடுவது?

நான் முதலில் வாங்கியது 1–6 மடங்கு, ரெட்டிகிள் இரண்டாம் குவியத் தளத்தில், அதாவது பெரிதாக்கும் வில்லைகளுக்குப் பின்னால் கண் பக்கமாக இருந்தது. இந்த வகையில் மடங்கை எப்படி மாற்றினாலும் கோடு கண்ணுக்கு ஒரே அளவுதான். ஆனால் கோட்டின் கணக்கு 6 மடங்கில் மட்டும்தான் சரி. தூரம் போகப் போகக் குண்டு கீழே இறங்கும், அதற்கு ஈடாக மேலே குறி வைக்கத்தான் இந்தக் கோடுகள். அவசரத்தில் 3 மடங்கிலேயே விட்டுவிட்டு 300 மீட்டர் தகட்டுக்கு ஒரு மில் கோட்டை வைத்தேன். மில்லும் ஒரு கோண அளவுதான், ஒரு மில் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 300-ல் 30. 3 மடங்கில் அந்தக் கோடு இரண்டு மில்லாகிவிடும், அதாவது 60. மூன்று குண்டும் தகட்டுக்கு மேலே போய் மேட்டில் புழுதி கிளப்பியது. நான்காவதுக்குத்தான் என்ன தப்பு என்று உறைத்தது. முதல் குவியத் தளத்தில் இருந்தால் கோடும் படத்தோடு சேர்ந்து பெரிதாகும், எந்த மடங்கிலும் கணக்கு மாறாது. அதற்குப் பதிலாக ஒரு மடங்கில் கோடு சுருங்கித் தூசியாகிவிடும், அப்போது எரிகிற லாடம்தான் காப்பாற்றும்.

இன்னொரு வகையில் 200, 300, 400 என்று தூரத்தையே கோடாகப் போட்டிருப்பார்கள். வேகமாக இருக்கும், கணக்கே வேண்டாம். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கும் வேகத்துக்கும் அளந்தது. தோட்டாவை மாற்றினால் கோடு பொய் சொல்லும். மில் கோடு எந்தத் தோட்டாவுக்கும் சொந்தமில்லை, அதனால் நான் அதைத்தான் நம்புகிறேன். ஐந்து மீட்டரில் எந்த ரெட்டிகிளும் உதவாது. தொலைநோக்கி குழலுக்கு மேலே ஆறு ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, குண்டு அவ்வளவு கீழேதான் படும். அதைக் கை பழகிக்கொள்ள வேண்டும்.

பந்திங்கிலிருந்து

டீச்சராகச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு வரைதான் அறிவியலைத் தமிழில் படிக்கிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாய். குவியத் தளம் என்ற சொல்லையே அவர்களில் பலர் தமிழில் கேட்டிருக்க மாட்டார்கள். அதன் மேல் கண்ணி, மயிரிழை என்று ஏற்றினால் சேனலை மாற்றிவிடுவார்கள். ரெட்டிகிள் என்றே போடுங்கள். மொழிமுதலில் ர வராது என்று யாராவது சொன்னால் இரெட்டிகிள். வடசொல்லைக் கூட எழுத்தை மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். துப்பாக்கியே துருக்கிச் சொல், அதை வைத்துக்கொண்டு அதன் கண்ணாடியில் உள்ள கோட்டுக்கு மட்டும் தூய தமிழா?

தெலுக் இந்தானிலிருந்து

டீச்சர், துப்பாக்கி துருக்கிச் சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். குறளில் "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று வருவது உணவை ஆக்குவது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேடையில் யாராவது இரண்டையும் முடிச்சுப் போட்டால் எனக்கும் கோபம் வரும். ஆனால் ஒரு சொல் வெளியிலிருந்து வந்ததால் எல்லாம் வெளியிலிருந்துதான் வரவேண்டுமா? செம்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். பாமாயில் மரம் என்று எழுதிப் பழகியிருக்கலாம். இந்த நாட்டில் யாரோ செம்பனை என்று எழுதினார்கள், இன்று பழம் அறுக்கிறவரும் அதைத்தான் சொல்கிறார். பிள்ளைக்குத் தெரியாது என்று நாம் எழுதாவிட்டால் எப்போதுதான் தெரியும்?

தம்பி எம்.ஓ.ஏ என்கிறார். அதற்குச் சொல்லே தேட வேண்டாம். நம் வானநூலில் ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. எம்.ஓ.ஏ என்பது ஒரு கலை, அவ்வளவுதான். 100 மீட்டரில் ஒரு கலை 2.9 சென்டிமீட்டர் என்று எழுதுங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது! நிலவுக்கும் கலை உண்டு, அது பதினாறு, இது வேறு. கலைச்சொல் என்பதில் உள்ள கலை இன்னொன்று. இதைத் தனியாக எழுத வேண்டும், பல்லவர் காலத்திலிருந்து தொடங்கி...

கிள்ளானிலிருந்து

ஐயா, அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை.

சுங்கை சிப்புட்டிலிருந்து, வியாழன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று வேலை முடிந்ததும், எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் அளவை வேலைக்குப் போய் ஓய்வுபெற்ற மாமா ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் பழைய லெவல் கருவி ஒன்று இருக்கிறது. வீட்டு முன் நடையான அஞ்சடியில் முக்காலியை விரித்து, திருகைத் திருகி, என்னைக் குனியச் சொன்னார். எதிர்ச் சாரியில் செம்பனை மட்டை தலைகீழாகத் தெரிந்தது, அதன் மேல் கறுப்பாக, ஒரு முடியைவிட மெல்லியதாக அந்தக் கோடு. கண்ணைச் சிறிது நகர்த்தினாலும் மட்டை மேல் கோடும் நகர்ந்தது. "ரெண்டும் ஒட்டி நிக்கணும், அதுவரைக்கும் இழையைத் தெளிய வை" என்றார். கிள்ளான் ஐயா சொன்ன மயிரிழை அவர் வாயில் வெறும் இழையாகவே வந்தது. கேட்ட உடனே புரிந்தது.

அதனால் "குறியிழை" என்று முடிவு செய்கிறேன். குறி கூட இழை ஒட்டி வருவதால் நான் பயந்த அர்த்தம் வரவில்லை. நான்கே எழுத்து. தம்பி கேட்பார், புள்ளியும் லாடமும் இழையா என்று. நூல் என்கிறோம், புத்தகத்தில் நூல் எங்கே இருக்கிறது? இந்த விவாதத்தையே இழை என்கிறோம். முதன்முதலில் சிலந்தி இழையாக இருந்தது, பெயர் அப்படியே நிற்கட்டும். டீச்சருக்காக முதல் தடவை வரும் இடத்தில் "ரெட்டிகிள் எனும் குறியிழை" என்று போடுகிறேன், மீதி 42 இடத்தில் குறியிழை. மில், எம்.ஓ.ஏ இரண்டையும் அப்படியே விடுகிறேன். ஐயா, கலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் "2 கலைப் புள்ளி" என்று இரண்டு நொடியில் படிப்பவருக்கு ஓவியம்தான் ஞாபகத்துக்கு வரும்.

டெக்ஸாஸிலிருந்து

எனக்குச் சம்மதம் அக்கா. "முதல் தளக் குறியிழை" என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நன்றாக உட்காருகிறது.

பந்திங்கிலிருந்து

நான் இன்னும் ரெட்டிகிள் கட்சிதான். ஆனால் நேரமில்லை, சரி.

தைப்பிங்கிலிருந்து

குறியிழைக்கு என் ஓட்டும். குறிகோட்டை வேறு எதற்காவது வைத்துக்கொள்கிறேன்.

தெலுக் இந்தானிலிருந்து, வியாழன் நள்ளிரவு

அம்மா, பெரும்பான்மை அப்படியென்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பதிவில் இருக்கட்டும். ஆயிழை என்றால் ஆய்ந்தெடுத்த அணிகலன் பூண்டவள். சேயிழை, நேரிழை, சுடரிழை எல்லாம் அன்மொழித்தொகை, எல்லாம் பெண்ணைக் குறிக்கும். சங்கப் பாட்டில் தோய்ந்த ஒருவர் திரையில் "குறியிழை" என்று படித்தால் யாரோ ஒரு பெண்ணை அழைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார். கண்ணியில் அந்தத் தொல்லை இல்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து, வெள்ளி காலை

ஐயா, நீலக்கண்ணி, கயற்கண்ணி என்று அதுவும் பெண்தானே. நான்கு மணிக்கு அனுப்புகிறேன், குறியிழையோடு.