ஓட்டமே இல்லாத வண்டி

பெரியப்பாவின் சிறிய காரை 2023இல் நான் வாங்கிக்கொண்டபோது அதற்குப் பதினைந்து வயது. மீட்டரில் 46,000 கிலோமீட்டர்தான். "ஓட்டமே இல்லாத வண்டிடா, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப்போ" என்றார். அதைப் பிள்ளைபோல வைத்திருந்தார். பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது. நானும் எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டத் தொடங்கினேன்.

நான்காவது மாதம் குடும்பத்தோடு ஒரு மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கியரில் இறங்க வேண்டிய சரிவு. மூன்றாவதில் வைத்துக்கொண்டு பிரேக்கையே நம்பி வந்தேன், என் தவறுதான். பாதி வழியில் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. மறுபடி மிதித்தால் இன்னும் கீழே போனது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரங்கட்டுவதற்குள் உயிர் போய் வந்தது. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் பெடல் கெட்டியாக நின்றது. அதுதான் என்னை அதிகம் கலங்கவைத்தது.

மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து காட்டினார். தெளிந்த இளமஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பழுப்பாகக் கிடந்தது. "இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் சார்?" என்று கேட்டார். பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். மாற்றியதாக அவருக்கு நினைவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். வண்டி கொட்டகையில் நின்றாலும் உறிஞ்சும். என் காரில் ஊற்றும் டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிவிட்டால் அது 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஓயாமல் மிதித்துச் சூடேறிய பிரேக்கில் அந்த ஈரம் ஆவியாகிறது. பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவது இந்த ஆயில்தான். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலில் பஞ்சுபோல் பட்டது அதுதான். ஆறியதும் சுவடில்லாமல் மறைந்துவிடுகிறது.

அன்றே வண்டி முழுவதையும் பார்க்கச் சொன்னேன். எஞ்சினின் பிஸ்டன்களும் வால்வுகளும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டில் நெடுக வெடிப்பு. அது அறுந்திருந்தால் இந்த எஞ்சினில் பிஸ்டன்கள் வால்வுகளை இடித்து வளைத்திருக்கும். வாட்டர் பம்பைத் தொட வேண்டுமானாலும் அதே பெல்ட்டைத்தான் கழற்ற வேண்டும் என்பதால் இரண்டையும் ஒருசேர மாற்றினோம். ரேடியேட்டர் ஹோஸ்களும் விறைத்துப் போயிருந்தன. டயர்களின் வரிப்பள்ளங்கள் தேயாமல் ஆழமாகவே இருந்தன, ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை விரிசல்கள். அங்கே பொறித்திருந்த நான்கு இலக்கங்கள் 2308, அதாவது 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். காரோடு வந்த டயர்கள்!

எஞ்சினில் மட்டும் ஒரு குறையும் இல்லை. இன்றும் ஒரே திருப்பில் கிளம்புகிறது. பெரியப்பாவின் கவனிப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ரப்பருக்கும் ஆயிலுக்கும் மீட்டரில் ஓடும் எண் தெரியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சர்வீஸ் நோட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதுகிறேன். பிரேக் ஆயிலுக்கு இரண்டு ஆண்டு. எஞ்சின் ஆயிலுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒரு ஆண்டு. போன மாதம் நண்பர் ஒருவர் பழைய கார் பார்க்க என்னை அழைத்துப்போனார். "ஓட்டமே இல்லாத வண்டி" என்று விற்பவர் ஆரம்பித்ததும், நான் டயருக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.